ஆறு மீட்டரில் ஓர் இடம்

இப்போதெல்லாம் கிரவுண்டை எவனும் சுற்றிக்கொண்டு போவதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே கோட்டின் மேல் குறுக்கே நடக்கிறான். கேட்டால், "இன்னா பெருசு, உங்கப்பன் ஊட்டு நெலமா?" என்கிறான். நான் இங்கே கிரவுண்டு வேலைக்குச் சேர்ந்து நாற்பது வருஷம். அந்தக் காலத்தில் காலேஜ் எலெக்‌ஷனில் மண்டையை உடைத்துக்கொண்டவன்கூட என் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் தாண்டித்தான் ஓடினான்.

நீங்கள் மூன்று பேர் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். முந்தின வாரத்து மழையில் மணல் குழி இறுகிவிட்டது, பி.டி. மாஸ்டர் இருதயராஜ் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களாம். அவருக்கு வேலை போகுமாம். அது தப்பு. நான் படித்தது மூணாவது. ஆனால் மணல் எனக்குத் தெரியும். மழை அப்படி இறுக்காது.

நீளம் தாண்டுகிற குழியை அன்றன்றைக்கு ஓரடி ஆழம் கொத்திப் புரட்டவேண்டும். அப்புறம் மேலே பலகை இழுக்கவேண்டும். பலகை இழுத்துவிட்டால் கொத்தினதும் கொத்தாததும் பார்வைக்கு ஒன்றுதான்.

சங்கவி திண்டிவனம் பக்கத்துப் பெண். அப்பன் இல்லை. அம்மா ஆரோக்கியசெல்வி கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கப் போகிறவள். அந்தப் பெண்ணை அமெரிக்காவில் ஒரு காலேஜ் கூப்பிட்டது. படிப்பு, சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். சனிக்கிழமை பெண்கள் போட்டியில் ஆறு மீட்டர் தாண்டி, வீடியோ அனுப்பினால் போதும்.

"தாத்தா, அங்க குழி கொத்தறதுக்கே மிஷினு கீதாம்" என்றாள்.

"அப்ப அங்கியே கெட."

"என்ன யாரு திட்றது அப்பறம்? உன்னையும் பொட்டில போட்டு எடுத்துக்கினு போறேன்."

என் மகன் நெடுஞ்செழியனும் இங்கே ஓடினவன்தான். ஓட்டத்தில் வடக்கே ரயில்வே வேலை கிடைத்துப் போனான். அஞ்சு வருஷம் கழித்து அவன் அம்மா ஜெயம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "போட்டி கீதுப்பா, லீவு தரமாட்றாங்க" என்றான் போனில். பத்தாம் நாள் நான்தான் கொள்ளி வைத்தேன்.

ஆரோக்கியசெல்விக்கும் அதே வாசல்தான். அது எனக்குத் தெரிந்தது. அவள் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் அந்த வாரம் குழியைக் கொத்தவில்லை. அவ்வளவுதான்.

நேற்று மாஸ்டரிடம் அவ்வளவுதான் சொன்னேன். சரியாகச் சொல்வதென்றால், திங்கட்கிழமையே யாரும் தொடக்கூடாது என்று கயிறு கட்டினேன். ஏரியிலிருந்து நாலு கூடை களிமண் கொண்டுவந்து மணலோடு பிசைந்தேன். தண்ணீர் விட்டுத் திம்மிசுக் கட்டையால் இடித்தேன். நாலு நாள் நல்ல வெயில். மேலே ரெண்டு விரல் மணல் தூவிப் பலகை இழுத்தேன்.

குழி முழுக்க இல்லை. ஆறு மீட்டர் விழுகிற இடத்தில் மட்டும். மற்றப் பிள்ளைகள் ஐந்தே காலைத் தாண்டாது. அங்கெல்லாம் நன்றாகவே கொத்திவைத்தேன். வேறு பிள்ளைக்கு அடிபட்டால் பாவம்.

ஆறு மீட்டர் நாலு சென்டி தாண்டினாள். டேப்பை நான்தான் பிடித்தேன்.

சுளுக்கும், கொஞ்ச நாள் உட்காருவாள் என்றுதான் நினைத்தேன். முட்டி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இனிமேல் ஓட்டம் இல்லை என்கிறார் டாக்டர். முதலில் ஓடிப்போய்த் தூக்கினவன் நான். அதற்காக ஆரோக்கியசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் மல்லாட்டை அவித்து எடுத்துக்கொண்டு வந்தாள். வாங்கித் தின்றேன்.

"பொண்ண நிறுத்தச் சொல்லி அந்தம்மா கேட்டாங்களா உங்கள?" என்கிறீர்கள், பானுப்ரியா மேடம். யாரும் கேட்கமாட்டார்கள். ஜெயமும்தான் மகனை நல்லா போய்ட்டு வா என்று அனுப்பினாள்.

மன்னிப்பு கேட்கச் சொல்கிறீர்கள். எதற்கு? பிள்ளை வீட்டில் இருக்கிறது. கையெழுத்து எங்கே போடவேண்டுமோ காட்டுங்கள். போலீசு வந்தால் வரட்டும், என் வீடு எல்லாருக்கும் தெரியும்.

நான் கிளம்புகிறேன். கிரவுண்டைச் சுற்றித்தான் போகவேண்டும், நேரமாகும். அம்மாக்காரி வேலைக்குப் போயிருப்பாள். சங்கவிக்குத் தினமும் நான்தான் இட்லி வாங்கிக்கொண்டு போகிறேன். கொஞ்சம் நேரமானால் போதும், வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என்னைப் பார்க்க அப்படி உட்கார்ந்திருக்க இப்போது வேறு யார் இருக்கிறார்கள்?