வாசுகி ஏன் வர மறுத்தாள்

காலையில் சூடாக ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டால் எனக்கு யார்மீதும் கோபம் வராது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன், வெல்பேர் மேடம். எழுதிக்கொள்ளுங்கள்.

மங்கையற்கரசி என்னை விட்டுப் போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். பட்டப்பகலில் லோரியில் சாமான் ஏற்றி, எங்கள் மகள் வாசுகியை மடியில் வைத்துக்கொண்டு, தோட்டமே வேடிக்கை பார்க்கப் போனாள். புக்கிட் பெலண்டோக் ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் என் கையில். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் நான் ஆள் கணக்கெடுத்தபோது பால்வெட்டுக்காரர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவளும் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

விவாகரத்தில் பிள்ளை அவளிடம் போனது. ஞாயிறுதோறும் என்னிடம் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. மீறினால் கோர்ட்டை அவமதித்த குற்றம், ஜெயில்கூடக் கிடைக்கும். அவளோ ஒழுங்காக அனுப்பினாள். ஆகவே பிள்ளையே வர மறுக்க வேண்டியிருந்தது.

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டில் வாசுகியைக் கொஞ்ச நேரம் விட்டுப் பூட்டுவேன். நெருப்பு அணைத்த அறையில்தான். நான் என்ன மிருகமா? கதவைத் தட்டி அழுவாள். "அம்மாகிட்ட சொன்னா அம்மா செத்துப் போயிரும்" என்று சொல்லி அனுப்புவேன். தலைமுடியில் புகை வாடை அடித்திருக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது சகஜம் என்று அம்மாக்காரி நினைத்திருப்பாள்.

ஒரு ஞாயிறு வாசுகி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. உத்தரவை மீறினாள் என்று வழக்குப் போட்டு, சிரம்பான் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நானே அவளை விசாரித்தேன்.

"பிள்ளைய ஏன் அனுப்பல?"

"வரமாட்டேங்குது. உங்க காரப் பாத்தாலே வாந்தி எடுக்குது."

"ஏழு வயசுப் பிள்ளை பேச்சக் கேப்பீங்களா, கோர்ட் பேச்சக் கேப்பீங்களா?"

அவள் என்னையே பார்த்தாள். "பிள்ளைய என்ன செஞ்சீங்க? சொல்லுங்களேன், கும்பிடுறேன்."

"கேள்வி கேக்குறது நான்லா."

நீதிபதியும் அவளைத்தான் பதில் சொல்லச் சொன்னார். பிள்ளை வரமாட்டேங்குது என்பதையே திரும்பச் சொன்னாள். இரண்டு வாரம் ஜெயில். போலீஸ்காரி கையைப் பிடித்துக் கூட்டிப்போனபோது எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்த நாட்களில் வாசுகி என் வீட்டில் இருந்தாள். அம்மா எங்கே என்று கேட்டாள். செத்துவிட்டாள் என்றேன். நான் யாரிடமும் சொல்லவில்லையே என்று அழுதாள். மனதுக்குள் சொல்லியிருப்பாய் என்றேன்.

போன வாரம் மங்கையற்கரசி வெளியே வந்து, நேராக என் வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டாள். வாசுகி அவளைப் பார்த்து வீறிட்டு அலறினாள். ஓடிவந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். இனி நீங்களே சொல்லுங்கள், மேடம், பிள்ளைக்கு யாரிடம் பாசம்?