ஒன்பது ஜோடி பேரிங்

உங்கள் வாசலில் நிற்கும் ஜீப்பில் ஃபேன் பெல்ட் கீச்சிடுகிறது, சார். பெரிய விஷயமில்லை. என்னைக் கூட்டி வரும்போதே ஓட்டுநரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்ணே" என்றார். பார்க்க மாட்டார். பார்க்காதவர்கள் எல்லோரும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுதிக்கொள்கிறீர்கள் இல்லையா? அப்படியென்றால் மெதுவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரையில் சாப்பிடலாம் போல இருக்கும். ஒரு பக்கம் கண்ணாடி அறை, அதில் சோபா, காபி மெஷின். வண்டிக்காரர்கள் அங்கே உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். வருகிற வண்டிகளின் விலை மாடிக்கு ஏறும், உயரமோ இடுப்புக்கு மேல் வராது. அதற்குள் ஒருவர் ஏறி உட்காருவதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிடலாம். இறங்கும்போது நான் கையைக் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட்டதும் நேராக நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டியைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பார்கள்.

டைமிங் பெல்ட் என்றால் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் தப்பில்லை, உங்களிடம் அந்த வண்டி இல்லை. இன்ஜினுக்குள் மேலே வால்வுகள், கீழே பிஸ்டன்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து போகும், ஆனால் வேறு வேறு நேரத்தில். அந்த நேரத்தைக் காப்பாற்றுவது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அதைத் தளராமல் பிடித்திருப்பவை இரண்டு பேரிங். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதில் ஒன்று இறுகிப்போனால் பெல்ட் அதன்மேல் தேய்ந்து, பல் உதிர்ந்து, நேரம் தவறிவிடும். வால்வும் பிஸ்டனும் மோதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும்.

எப்போது மாற்ற வேண்டும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. நாங்கள் பார்க்கும் வண்டிகளுக்கு மூன்று வருடம், மிஞ்சினால் ஐந்து. ஓடினாலும் சரி, உறை போட்டு மூடி வைத்தாலும் சரி. ரப்பர் நாளைத்தான் எண்ணும், தூரத்தை எண்ணாது. நின்றே கிடக்கும் வண்டியில் பேரிங்குக்குள் கிரீஸ் காய்ந்துபோகும். பெல்ட்டை மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் இன்ஜினை ஒரே தடவைதான் கீழே இறக்குகிறோம். பழைய பேரிங்கின் மேல் புது பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் அது சீக்கிரமே போய்விடும். இது கார் ஓட்டத் தெரியாதவருக்குக்கூடப் புரியும். கார் வாங்கத் தெரிந்தவருக்குப் புரியாது.

"நாலாயிரம் கிலோமீட்டர்தானப்பா ஓடியிருக்கு, அதுக்குள்ள என்ன மாத்தறது?"

இதை என்னிடம் கேட்காதவர் அபூர்வம். ஒரு செருப்புக்கடைக்காரர் இருந்தார். சேர்த்து வைத்து வாங்கிய பழைய மஞ்சள் வண்டி. கடைசியாக எப்போது பெல்ட் மாற்றினீர்கள் என்று கேட்டேன். வருடம், மாதம், எந்த ஊரில், யார் கையால் என்று ஒப்பித்தார். அவர் வண்டிக்கு நான் செய்த வேலையை நீங்கள் போய்ப் பார்க்கலாம். தாய் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி செய்திருக்கிறேன்.

மற்றவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஓட்டல்காரர். மூன்று தடவை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. இன்ஜின் உடைந்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கண்ணாடி அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் நெஞ்சில் விரலை வைத்துத் தள்ளி, "இதெல்லாம் முன்னாடியே சொல்ல மாட்டியா? நீயெல்லாம் எதுக்கு இருக்க?" என்றார். முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஒரு சாரி சொல்லிடுப்பா. சொன்னா என்ன, தேஞ்சா போயிடுவ?" என்றார். சொன்னேன். தேயவில்லை. முதலாளிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் வாழ்நாளில் ஒரு பேரிங்கைக் காதருகில் வைத்துச் சுற்றிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது கோபத்தில் செய்ததில்லை. கோபம் என்றால் அன்றைக்கே செய்திருப்பேன். ஏழு மாதம் யோசித்தேன்.

அதன் பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பதில் தெரிந்தவர்களுக்குப் புது பெல்ட், புது பேரிங். தெரியாதவர்களில் சிலருக்குப் புது பெல்ட், பழைய பேரிங். எல்லோருக்கும் இல்லை. தெரியாததோடு சிரிக்கவும் செய்தவர்களுக்கு மட்டும். கழற்றிய பேரிங்கை நன்றாகத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்து, புதிது போட்டதாகக் கையெழுத்துப் போட்டேன். நான் திருடனில்லை. அவர்களுக்கென்று வந்த புது பேரிங் ஒவ்வொன்றும் டப்பாவோடு அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பரணில் எட்டு ஜோடி இருக்கிறது. என் வீட்டுக்காரி அதை ஏதோ ஸ்பேர் சாமான் என்று நினைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது ஜோடி ஒர்க்‌ஷாப்பில், என் டூல் அலமாரியில். நீங்கள் ஒரு ஜோடியைத்தான் தேடி வந்தீர்கள், தெரியும்.

ஆமாம். ஒன்பது வண்டி.

பேரிங் திடீரென்று போகாது, சார். அதுதான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது. இரண்டு மாதம், மூன்று மாதம் சத்தம் போட்டுவிட்டுத்தான் போகும். முதலில் ஒரு இரைச்சல், அப்புறம் மணலை அரைக்கிற மாதிரி. வண்டியை ஓட்டுகிறவனாக இருந்தால் கேட்டுவிட்டு என்னிடம் வருவான். வந்தால் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட கண்டிப்பான விதி. ஆகவே யாரையும் நான் அழிக்கப் பார்த்தேன் என்று எழுதாதீர்கள். வண்டியைக் கவனிக்கிறவன் யார், வண்டியோடு படம் எடுத்துக்கொள்கிறவன் யார் என்று பிரித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். மூன்று வண்டிகள் நடுரோட்டில் நின்றன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மூன்று இன்ஜினையும் நானே திரும்பக் கட்டிக் கொடுத்தேன். மூன்று பேரும் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். ஒருவர் இனிப்புப் பெட்டிகூடக் கொண்டுவந்தார்.

ஐந்து வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அந்தக் காகிதத்தைக் கொடுங்கள், நம்பர் எழுதித் தருகிறேன். மேலே உள்ள இந்த இரண்டும் இப்போது கத்த ஆரம்பித்திருக்கும். நீங்கள் போய் போன் பேசிவிட்டு வாருங்கள். நான் எங்கேயும் போகவில்லை.

பேசிவிட்டீர்களா? நான்காவது ஆள் எடுத்திருக்க மாட்டார், அவர் தெரியாத நம்பரை எடுப்பதில்லை. முதல் ஆள் வண்டி ஜோராக ஓடுகிறது என்றிருப்பார். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

சரி. இந்த வண்டிக்கு வருவோம்.

அதன் சொந்தக்காரரை ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் 'அடுக்குமாடி' என்போம். ஊரில் பாதி அடுக்குமாடி அவர் கட்டியதுதான். மே மாதம் வண்டியைக் கொண்டுவந்தார். சிவப்பு, இரண்டே இருக்கை, இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், ஏழு வருடம் பெல்ட்டைத் தொடாதது. என் கேள்வியைக் கேட்டேன். "பெல்ட்டா?" என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். கண்ணாடி அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் வண்டியில் இருந்து இறங்கிய பேரிங் ஏற்கெனவே உலர்ந்து போயிருந்தது. விரலில் மாட்டிச் சுண்டினால் பம்பரம் மாதிரி நிற்காமல் சுற்றியது. புதிது அப்படிச் சுற்றாது, உள்ளே கிரீஸ் இருப்பதால் கனமாகத் திரும்பி நின்றுவிடும். அந்தப் பம்பரத்தைத்தான் திரும்ப வைத்தேன்.

உங்கள் தரப்பில் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர் நல்ல வேலைக்காரர். பேரிங் ஓரத்தில் பொறித்திருந்த நம்பரை வைத்து அது எந்த வருடத்தது என்று கண்டுபிடித்திருக்கிறார். நான் விசாரித்ததாக அவரிடம் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலையில் நடந்ததை நான் பார்க்கவில்லை, நீங்கள் சொன்னதுதான். ஆனால் சொல்லாமலே எனக்குத் தெரியும். லாரியை முந்தும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தியிருப்பார்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் பின்சக்கரம் இரண்டும் ஒரு நொடி இறுகியிருக்கும். வண்டி குறுக்கே திரும்பியிருக்கும். பின்னால் வந்த லாரிக்கு நிறுத்த நேரம் இருந்திருக்காது. ஓட்டியது அவர் மனைவி. அடுக்குமாடி பக்கத்தில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் கால் ஒடிந்தது. அந்த அம்மா அங்கேயே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் அவரிடம் வண்டியில் ஏதாவது சத்தம் வந்ததா என்று கேட்டீர்களாமே. "சத்தமா? என்ன சத்தம்?" என்றாராம். ஆச்சரியமில்லை.

நீங்கள் கேட்டது வேறு. விபத்துக்குப் பதினோரு நாள் முன்னால், புதன்கிழமை மதியம், எங்கள் கேமராவில் அந்தச் சிவப்பு வண்டி தெரிகிறது, அந்த அம்மா தெரிகிறார், நான் தெரிகிறேன். படம் இருக்கிறது, சத்தம் இல்லை. அதனால் சொல்கிறேன்.

தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை. யார் கையையும் பிடிக்காமல் அந்த வண்டியில் இருந்து இறங்கியவர் அவர் ஒருவர்தான். கண்ணாடி அறைக்குள் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, ஒரு நிமிஷம் இதக் கேளுங்களேன். பின்னாடி ஒரு சத்தம் வருது."

"ஏசி சத்தமா இருக்கும் மேடம்."

"ஏசிய அணைச்சுட்டுக் கேட்டேன்ணா. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ஜாஸ்தியா இருக்கு. அவர்கிட்ட சொன்னேன், அவருக்கு ஒண்ணும் கேக்கலயாம்." சிரித்தார். "எங்கப்பா மாவு மில்லு வெச்சிருந்தாரு. பேரிங் போகப்போகுதுன்னா இப்படித்தான் இரையும். வாசல்ல எத்தன பேரு நின்னாலும் சரி, மில்ல நிறுத்திடுவாரு."

நான் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டேன். கீழ்ப் பேரிங். மணல் அரைக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். அது சரியாகத்தான் இருந்தது.

ஆறு வருடத்தில் சத்தத்தைக் கேட்டு வந்தவர் அவர் மட்டும்தான். என் விதிப்படி மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். அவருக்கான பேரிங் ஏழடி தள்ளி என் அலமாரியில் டப்பாவோடு இருந்தது. வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், மூன்று நாள் வேலை என்று சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது, சார்.

ஆனால் நான் கழற்றிய பேரிங்கை அவர் காட்டச் சொல்லுவார். அந்த ரகம். கையில் வாங்கி, காதருகே வைத்துச் சுற்றி, "இது நாலு மாசத்துக்கு முன்னாடி போட்டதாண்ணா?" என்று கேட்பார். முதலாளி அங்கே நிற்பார். கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவனிடம் ஒரு மாவு மில்காரர் மகள் அப்படிக் கேட்பதற்கு நான் இடம் கொடுக்க முடியுமா?

இன்ஜினை அணைத்தேன்.

"புது பெல்ட் இல்லயா மேடம், இறுக்கமா இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா அடங்கிடும்."

"அப்போ ஓட்டலாமாண்ணா? ஊருக்குப் போகணும், தூரம். அவரும் வர்றாரு."

"தாராளமா ஓட்டுங்க. ஓட்ட ஓட்டத்தான் சரியாகும்."

அவர் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தார். காதைக் கொஞ்சம் சாய்த்து, அணைந்துபோன இன்ஜினையும் கேட்பவர் மாதிரி நின்றார். பிறகு பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "நீங்க சொன்னா சரிதாண்ணா" என்று ஏறிப் போய்விட்டார். ஆக, பேரிங்கை வைத்தது நான், சத்தத்தைக் கேட்டது நான், ஓட்டச் சொன்னதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் இன்னொரு தடவை வந்து கேட்டிருந்தால் கட்டாயம் மாற்றிக் கொடுத்திருப்பேன். பதினோரு நாள் இருந்தது, வரவில்லை. இவர்களிடம் எனக்கு ஆகவே ஆகாத குணம் அதுதான், சார். தன் காதால் கேட்டதை விட்டுவிட்டு, நாம் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.