ஒன்றரை விரற்கடை

தோல் சாமானை வெயிலில் காயவைக்கக் கூடாது ஐயா, நிழலில்தான் காயவைக்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸில் ஹை பார் என்கிற உயரக் கம்பியில் சுற்றுகிற பையன்கள் உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தோல்பட்டையைச் சொல்கிறேன். கிரிப் என்போம். நாளாக நாளாக அது இழுபட்டு நீளும். ஒரு விரற்கடை நீண்டுவிட்டால் கம்பியைச் சுற்றி மடிந்து பூட்டிக்கொள்ளும். கை நின்றுவிடும், உடம்பு நிற்காது. அதனால் மாதம் பிறந்ததும் எல்லாருடைய கிரிப்பையும் ஸ்கேல் வைத்து அளப்பேன். நீண்டதைக் கத்தரித்துக் குப்பையில் போடுவேன். சிதம்பரத்தில் காலேஜ் கோச்சாக இருந்த பதினாறு வருஷத்தில் ஒரு பையனுக்குக்கூட நகம் பெயர்ந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் கரணம் போட்டுப் பழகியவன். மாநிலத்தில் ஆறு வருஷம் முதலிடம். இந்திய அணியோடு நான்கு முறை வெளிநாடு போனேன். நான்கு முறையும் ரிசர்வ். கோட்டு தைத்துக் கொடுப்பார்கள்; கம்பியைத் தொடவிடமாட்டார்கள். யாருக்காவது கால் பிசகாதா என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யாருக்கும் பிசகவில்லை. நல்ல பிள்ளைகள்.

தமிழ்வேந்தன் பரங்கிப்பேட்டைப் பக்கம் படகுக்காரர் வீட்டுப் பையன். என்னிடம் வந்த மூன்றாம் வருஷமே இந்திய அணியின் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. கூட்டாளி ஒருவன், "நல்லா பாருடா, ரிசர்வா இருக்கப் போவுது," என்று சீண்டினான். இவன் கால்சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "ரிசர்வ்ல போறதுக்கு வூட்லயே குந்தி வலை பின்னலாம் மச்சான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைக் குத்திச் சொன்னதில்லை அது. என் ஞாபகமே அவனுக்கு வரவில்லை.

மறுவாரம், நான் அந்தக் காலத்தில் பயிற்சியில் போட்டுத் தேய்த்த கிரிப் ஜோடியை ராசியானது என்று அவனிடம் கொடுத்தேன். வாத்தியார் கொடுத்த பொருளை நம் பக்கத்தில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டான். மாட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் லூசா இருக்குது சார்," என்றான்.

"பழகிடும்டா," என்றேன்.

கம்பியில் ஏறிய மூன்றாவது சுற்றில் வலது கை பூட்டிக்கொண்டது. முன்கையில் இரண்டு எலும்பும் போயின. ஓடிப்போய்த் தாங்கி இறக்கியவன் நான்தான். அவன் அம்மா பூவம்மாள் ஞாயிறுதோறும் எனக்கு மீன் கொண்டுவருகிறாள். "எம்புள்ளக்கி நீங்கதான் சார் சாமி," என்பாள். மறுத்தால் மனசு நோகும் என்று வாங்கிக்கொள்வேன். கொடுவா நன்றாகவே இருக்கும்.

அந்தக் கை இனிக் கம்பிக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் பிரின்சிபாலிடம் பேசி அவனை உதவிக் கோச்சாகப் போட்டேன். எனக்கு அப்படி யாரும் செய்ததில்லை.

போன திங்கட்கிழமை மாதம் பிறந்தது. ஸ்கேலையும் கத்தரிக்கோலையும் அவனிடம் கொடுத்தேன். தன் பையிலிருந்து அந்தப் பழைய ஜோடியை எடுத்து, முதலில் அதைத்தான் அளந்தான், இடது கையால். ஒன்றரை விரற்கடை கூடுதல். எனக்குத் தெரியும். கொடுப்பதற்கு முந்தின நாள் நானும் அளந்தேன், இரண்டு தடவை.

அவன் அதைக் கத்தரிக்கவில்லை. மடித்து என் உள்ளங்கையில் வைத்து, "பழகிடும் சார்," என்றான்.

கோபமே இல்லாமல் சொன்னான் ஐயா. மன்னித்துவிட்டான் என்றுதான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். நீங்கள் என்னவோ, அவனே புகார் எழுதிக் கொடுத்தான் என்கிறீர்கள். இன்னொரு முறை சரியாகப் பாருங்கள். அந்தக் கையால் அவன் எழுதியிருக்க முடியாது.