கட்டையை எடுத்த கை

சக்கரத்துக்கு முன்னால் வைக்கிற கட்டைக்கு இரும்பைவிட மரம்தான் நல்லது. இரும்பு வழுக்கும், மரம் தரையைக் கடித்துக்கொண்டு நிற்கும். உங்கள் மேசைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகியிருப்பதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. அது ரொம்ப நாள் தாங்காது, ஐயா.

எங்கள் பேருந்துப் பணிமனை மேட்டில் இருக்கிறது. வாசலைத் தாண்டினால் சாலை சந்தை வரைக்கும் ஒரே இறக்கம். அதனால்தான் கட்டை வந்தது. பிரேக் பார்க்கிற ஃபிட்டர் நான். ஒரு வண்டியின் முன்சக்கரத்தில் நான் கட்டை வைத்தால், வைத்த கைதான் அதை எடுக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைத்த சட்டமில்லை. இருந்தாலும் ஓட்டுநரோ காவலாளியோ அதைத் தொட்டதில்லை. நான் கட்டையோடு விலகிய பிறகுதான் வண்டி நகரும். எனக்கு வணக்கம் சொல்லாதவனுடைய வண்டி மதியம் வரைக்கும் நின்றதும் உண்டு. மரியாதை தெரியாதவன் கையில் நல்ல பிரேக்கும் கெட்ட பிரேக்தான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஊரில் பேருந்துகள் சீரழிந்து கிடந்தன. பாதி வண்டிகள் நடுவழியில் நின்றன. ஜனங்கள் நிறுத்தங்களில் நின்று காய்ந்தார்கள். இதைச் சரிசெய்யப் புது நிர்வாகி வந்தார். மணிக்கட்டைப் பார்த்தபடியே நடப்பார் என்பதால் ‘கடிகாரம்’ என்று பெயர் வைத்தோம். நல்ல மனிதர், அதை நான் மறைக்க மாட்டேன். கேட்ட உதிரிப் பாகங்கள் கேட்ட அன்றே வந்தன. வாசலில் ஒரு பலகை மாட்டினார். யார் பழுதைக் கண்டாலும் அந்த வண்டி எண்ணுக்கு நேரே சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுக் காரணத்தையும் எழுத வேண்டும். அட்டை இல்லாத வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். கட்டைக்கு இனி வேலையில்லை.

“எதுக்காக நிறுத்துறீங்கன்னு ஒரு வரி எழுதுங்க, போதும்,” என்றார் என்னிடம்.

“எனக்கு எழுத வராதுங்க.”

“அதனால என்ன, கத்துக்கலாமே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் காரணம் கேட்டதில்லை.

எழுத்து சொல்லிக் கொடுத்தவன் என் தங்கச்சி மகன். அவனும் அங்கேயே ஓட்டுநர். சாப்பாட்டு வேளையில் டப்பா மூடியில் கிரீஸ் தொட்ட விரலால் எழுதிக் காட்டுவான். “பிரேக்குன்னு எழுதச் சொன்னா பாதியில நிறுத்திட்டீங்களே மாமா. எழுத்துக்கே பிரேக் போடுற ஆளு நீங்க ஒருத்தர்தான்,” என்று கிண்டலடிப்பான். நான் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் தரை கூட்டுகிறவள் சிவப்பு அட்டை மாட்டினாள். வண்டி நின்றது. நான் கட்டை வைத்தால் எப்படி நிற்குமோ, அப்படியே நின்றது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டுநர்கள் என் கட்டையைக் காலால் தள்ளிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். “அடுப்புக்கு ஆகும், வீட்டுக்குக் கொண்டு போ பெருசு,” என்றான் ஒருவன். வழியில் நிற்கிற வண்டிகள் குறைந்துபோயின என்பதும் உண்மை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தங்கச்சி மகன் மட்டும் மாறவில்லை. அவன் வண்டிக்கு நான் கட்டை வைப்பேன். நான் எடுக்கிற வரைக்கும் அவன் இருக்கையில் காத்திருப்பான். தாமதத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டு காத்திருப்பான்.

அன்று காலை அவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பிரேக்குக்குக் காற்று போகிற குழாயில் மயிரிழை போல ஒரு விரிசல். நாலைந்து மிதிக்குப் பிடிக்கும், அப்புறம் காற்று இருக்காது. சிவப்பு அட்டை என் சட்டைப் பையிலேயே இருந்தது. காரணமும் எழுதத் தெரியும்.

“மாமா, எடுக்கிறீங்களா? கடிகாரம் இங்கதான் பாக்குது,” என்றான் மேலே இருந்து.

நான் நிதானமாக யோசித்தேன். அட்டை மாட்டினால் குழாயை மாற்றுவார்கள். கடிகாரம் என் முதுகில் தட்டிக்கொடுப்பார். பலகை ஜெயித்துவிடும். கிளம்பாமல் நின்ற வண்டியைப் பார்த்து இந்த ஊரில் யாரும் பாடம் கற்றுக்கொண்டதில்லை.

கட்டையை எடுத்தேன். வண்டியின் பக்கவாட்டில் வழக்கம்போல இரண்டு தட்டுத் தட்டினேன். சந்தைக்குப் போகிறவர்கள் நிறைய ஏறியிருந்தார்கள். ஒரு குழந்தை ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தது. நாக்கை நீட்டிக் காட்டினேன், சிரித்தது. வண்டி வாசலைத் தாண்டியதும் கட்டையைக் கழுவப் போனேன். அதில் சேறு ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாளே பணிமனை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். “எங்க அண்ணன் கட்டைக்குப் பழைய மதிப்பு இருந்திருந்தா என் பிள்ளை இருந்திருப்பான்.” அவளோடு சந்தைப் பெண்களும் உட்கார்ந்தார்கள். நான் அவளுக்குக் குடை பிடித்தேன். கடிகாரத்தை அனுப்பிவிட்டார்கள், பலகையைக் கழற்றினார்கள். கட்டை திரும்ப வந்தது, மஞ்சள் வண்ணம்கூட அடித்துக் கொடுத்தார்கள். இப்போது எல்லா ஓட்டுநரும் இறங்கி வந்து வணக்கம் சொல்கிறார்கள். பேருந்தில் போகிற ஜனங்களின் உயிருக்கு இதைவிடப் பாதுகாப்பு கிடையாது. தங்கச்சி எனக்குச் சோறு கொண்டுவந்து தருகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறேன்.

இதையெல்லாம் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது, ஐயா. நீங்கள் விசாரித்து எழுதிய அறிக்கையை வாசலில் ஒட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டி நானே படித்தேன். அந்தப் பையன் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை. ‘குழாயில் இருந்த விரிசலை, வயதான ஃபிட்டர் கவனிக்கத் தவறிவிட்டார்’ என்று போட்டிருக்கிறீர்கள். பார்வை மங்கியிருக்கலாம், அவர்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கருணை வேறு.

அந்த வரியை அடித்துவிடுங்கள். விரிசலை நான் பார்த்தேன், விரல் வைத்தும் பார்த்தேன். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் வேலையில் கவனம் இல்லாதவன் என்று மட்டும் என்னை எழுதாதீர்கள்.