இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்

வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு வரி விதிகள் பெரிய தலைவலி என்று எங்கள் தீவில் எல்லோரும் புலம்புவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை, ஐயா. அனுமதி வாங்கிய ஒவ்வொரு கட்டிலுக்கும் வருஷத்துக்கு ஒரு தொகை, அதில் ஆள் படுத்தாலும் படுக்காவிட்டாலும். தங்க வருகிறவரின் பெயரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், உறவானாலும் சிநேகிதமானாலும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? என் கணவர் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு பெயரைக்கூட நான் விட்டதில்லை.

பொஹுமிலின் பெயரை முதன்முதலில் ஏற்றியது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். செக் நாட்டில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஜூலை முதல் வாரம் வந்தால் ஆகஸ்ட் கடைசியில்தான் கப்பல் ஏறுவார். ஒன்பது கோடை என் மாடி அறையில் இருந்தார். காலையில் கடலில் குளித்துவிட்டு என் சமையலறையில் காபி குடிப்பார். ஜன்னல் கொக்கி, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் நான் சொல்லாமலே சரிசெய்துவிடுவார். இருதயத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒன்று. தண்ணீர் எடுத்து வைப்பது நான். வாடகையில் சேராத விஷயங்கள் இவை. இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லை என்று இருந்தேன்.

பெரினா அடுத்த வீடு. பள்ளியில் ஒரே பெஞ்சு. அவளும் விதவையான பிறகு, "எனக்கும் அந்த அனுமதியை வாங்கிக் கொடேன்டி" என்று வந்து நின்றாள். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். இரண்டு கட்டிலுக்கு அனுமதி கிடைத்தது. வாசலில் அனுமதிக்கான நீலப் பலகை அடித்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டதும் நான்தான்.

இந்த ஜூலையில் பொஹுமில் பெட்டியோடு வந்து என் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"வீட்டுக்காரம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்த வருஷம் நான் பெரினா வீட்டுல தங்குறேன்."

"அங்க ரெண்டு கட்டில்லயும் ஜெர்மன்காரங்க இருக்காங்களே?"

எழுபத்தோரு வயதில் அவர் முகம் சிவந்தது. அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரே ஒரு கட்டில்தான் உண்டு. அது பெரினாவின் கட்டில்.

நான் கோபப்படவில்லை. மாடி அறையில் அவருக்காக விரித்த துணிகளை மடித்து அலமாரியில் வைத்தேன். பிறகு தினமும் என் வேலையைப் பார்த்தேன். ஆனால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் அத்திமரம்தான். அவர் அவள் ஜன்னலுக்குப் பச்சை வண்ணம் அடிப்பது தெரியும். மத்தி மீன் சுடுவது தெரியும். கொடியில் அவருடைய சட்டையும் அவளுடைய உள்பாவாடையும் ஒரே கிளிப்பில் தொங்கும். கிளிப்புக்கு அவ்வளவு பஞ்சமா என்று நினைத்துக்கொள்வேன். என் வீட்டில் ஒன்பது வருஷமும் அவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். அங்கே சத்தம் போட்டுச் சிரித்தார்.

ஒரு நாள் மதில் ஓரமாகப் பெரினா கூப்பிட்டாள். உதட்டுச் சாயம் பூசியிருந்தாள்.

"அறுபத்தி மூணு வயசுல இவளுக்கு என்ன கூத்துன்னு நினைக்கிறியா? நினைச்சுக்கோ. எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு."

"அவரைப் பதிஞ்சிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"விருந்தாளியைப் பதியலாம். புருஷனைப் பதிவாங்களாடி?"

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று மாலையே, வாடகை அறைகளைச் சோதிக்கும் ஆய்வாளர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆமாம், அந்தப் புகார் என்னுடையது. கையெழுத்துப் போடவில்லை. போட வேண்டும் என்று விதி இல்லை.

ஆகஸ்ட் ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு, கோப்பும் கையுமாக இரண்டு பேர் ரொட்டிக்கடை அருகில் நிற்பதைப் பார்த்தேன். நேராகப் பெரினாவிடம் போனேன்.

"ஆய்வாளருங்க வந்திருக்காங்க. பதியாத ஆள் இருந்தா அபராதம், அனுமதியும் போயிடும். அவரை என் கீழறைக்கு அனுப்பு. ஒரு மணி நேரம்தான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. "நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்?" சீப்பு, செருப்பு எதுவும் மிச்சம் வைக்காமல் அவர் பெட்டியை அவளே கட்டினாள். கடைசி நேரத்தில் மாத்திரை டப்பாவை என் கையில் திணித்தாள். நான் அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

எண்ணெயும் ஒயினும் வைக்கிற கீழறை அது. ஜன்னல் கிடையாது. போனுக்கு சிக்னல் எடுக்காது. பொஹுமில் குனிந்து உள்ளே நுழையும்போது, "இந்த வயசுல ஒளிஞ்சு விளையாடச் சொல்றீங்களே, வீட்டுக்காரம்மா" என்றார். நான் வெளியே தாழ் போட்டேன், பூட்டும் போட்டேன்.

ஆய்வாளர்கள் பெரினா வீட்டில் இரண்டு கட்டில், இரண்டு ஜெர்மன்காரர்கள், எல்லாம் சரியென்று எழுதிக்கொண்டார்கள். என் வீட்டுக்கும் வந்தார்கள். இவ்வளவு சுத்தமாகப் பதிவு வைத்திருப்பவரைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார்கள். பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டார்கள்.

சாவி என் கையில் இருந்தது. படியில் இறங்கினேன். உள்ளே அவர் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டை என் வீட்டில் பாடியதே இல்லை. நான் திரும்ப மேலே ஏறி உருளைக்கிழங்கு உரித்தேன்.

இரண்டு மணிக்குப் பெரினா வந்தாள்.

"ஒன்றரை மணிக் கப்பல்ல போயிட்டார்" என்றேன். "இந்த வயசுல திருடன் மாதிரி ஒளியணுமான்னு கேட்டார். எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு."

அவள் என் சமையலறை நாற்காலியில், அவர் உட்காரும் நாற்காலியில், உட்கார்ந்து அழுதாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமேடி. போனையும் எடுக்க மாட்டேங்கிறார்." கீழே தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மாடியில் இன்னோர் அறையில் தங்கியிருந்த விருந்தாளிகளின் போர்வைகளை எடுத்துத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டேன். பழைய இயந்திரம், வீடே அதிரும். அவளுக்கு அத்திப்பழமும் ஒரு கோப்பை பிராந்தியும் கொடுத்தேன். ரொம்ப நாள் கழித்து நாங்கள் இரண்டு பேரும் பழைய மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரைப் பதிந்தேன். நீங்கள் எல்லோரும் இதைத்தான் புரியவில்லை என்கிறீர்கள். ஒரு மனிதர் என் கூரையின் கீழ் ஓர் இரவு தங்கியிருக்கிறார். இருபத்துநான்கு மணி நேரம் முடியப் போகிறது. அவருடைய கடவுச்சீட்டு எண் என்னிடம் இருந்தது. கீழறைக்கு அனுமதி இல்லாததால், அவருடைய பழைய மாடி அறை என்று போட்டேன். என் பதிவேட்டில் உள்ள ஒரே பொய் அது. அதற்கான அபராதம் எதுவானாலும் கட்டுகிறேன்.

அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று மூன்று தடவை துணி துவைத்தேன். சாயங்காலம் துவைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவருடைய மகள் போலீஸுக்குத் தகவல் கொடுத்தாள். அந்தப் பதிவு மட்டும் இல்லாவிட்டால் அவர் இந்த நாட்டில் இருந்ததற்கே அத்தாட்சி கிடையாது, நீங்கள் என் வாசலுக்கு வந்திருக்கவும் மாட்டீர்கள். பெரினா அவரை ஒரு மாதம் வைத்திருந்தாள், ஒரு தாளில்கூட அவர் பெயர் இல்லை. அவரை ஆளாக மதித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கதவைப் பூட்டியது நான்தான். மாத்திரையைக் கொடுக்காதது நான்தான். திறந்திருக்கலாம், திறக்கவில்லை. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

உள்ளே இருந்து அவர் என்ன கத்தினார் என்று கேட்டீர்கள். என் பெயரைத்தான். "பெரினா" என்று கேட்டதாக மாடியில் இருந்த விருந்தாளி உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். அவள் வெளிநாட்டுக்காரி, ஐயா, அவளுக்கு எங்கள் பெயர்கள் பழக்கமில்லை. அந்தச் சுவர் ஒரு முழம் கனம். அதற்குப் பின்னாலிருந்து கேட்டால் ஸோர்கா என்பதும் பெரினா என்பதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.