புகை நீக்கிய காட்சி

பகல் மூன்று மணி. ஆமாம், பகல்தான். பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று நீங்களே சட்டம் போட்டு வைத்திருந்தால் அது உங்கள் பாடு. கிடங்குகள் மட்டுமே இருக்கும் நீளமான சாலை... விடுமுறை நாள். இரும்புக் கதவுகள் எல்லாம் இறங்கிக் கிடக்கின்றன. சாலையின் கோடியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம். அதை நோக்கி ஒரு பெண்மணி தன்னந்தனியாக நடந்து போகிறாள். என் சிநேகிதியின் சித்தி. நாமும் சித்தி என்றே வைத்துக்கொள்வோம். போர்வையை அப்புறம் இழுத்துக்கொள்ளலாம், முதலில் கேளுங்கள்.

சித்திக்குத் தொழில், குரல் கொடுப்பது. அதிலும் சின்னப் பையன்களுக்கு. அறுபதை நெருங்கும் வயதிலும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் துறுதுறுவென்று ஒரு வாண்டுதான் பேசும். தாளைப் பார்த்து வசனம் படிக்கிற ஆள் இல்லை அவள். திரையில் உதடு எப்படி அசைகிறதோ, இவள் வாய் தானாக அப்படியே போகும். பழக்கதோஷம்.

ஒரு காலத்தில் ஒரு தொடர் வந்தது. உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஒரு பழைய லிஃப்ட். மாடிக்குப் போகாது, வருஷத்துக்குப் போகும். அதை ஓட்டுகிற ஒரு மாமா, கூடவே ஒரு பொடியன். பொத்தானை அமுக்கினால் புகை வரும்... புகை அடங்கினால் வேறு காலம். பொடியனாக நடித்த பையனுக்குக் குரல், சித்தி.

பாதியில் அந்தப் பையன் செத்துப்போனான். இழுப்பு இருந்ததாம், படப்பிடிப்பில் மூச்சு நின்றுவிட்டதாம். பொடியன் எதிர்காலத்துக்குப் போய்விட்டான் என்று கதையை மாற்றி ஒப்பேற்றினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சித்தி கேட்டிருக்கலாம். அந்தக் கடைசிக் காட்சிக்குக் குரல் கொடுத்தவள் அவள்தானே.

அது என்ன காட்சி என்றால்... பையன் லிஃப்டுக்குள் நிற்கிறான். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. உள்ளே புகையை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கண்ணாடியைத் தட்டுகிறான், வாய் அசைகிறது. அப்போதெல்லாம் படப்பிடிப்பில் பேச்சைப் பதிவு செய்வதில்லை. ஜெனரேட்டர் இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்காது. எல்லாமே பின்னால் குரல் கொடுப்பதுதான். சித்தியின் கையில் இருந்த வசனம், "மாமா, நான் எதிர்காலத்துக்குப் போறேன், டாட்டா." திரையில் உதடு சொன்னது அது இல்லை.

"சார், லிப் சேரலையே," என்றாள் சித்தி.

"புகைல எங்கம்மா லிப் தெரியுது? சிரிச்சுக்கிட்டே சொல்லு," என்றார் டைரக்டர்.

சித்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போது அவளுக்குக் கைக்குழந்தை, வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. வாயைத் திறந்தால் பிழைப்பு போய்விடும். பேசிப் பிழைக்கிறவள், அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசாமலே காலத்தை ஓட்டிவிட்டாள். 

போன வருஷம் ஒரு சேனல் அந்தத் தொடரைத் தூசி தட்டி எடுத்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி புதுசாகச் செய்யப் போகிறார்களாம். ஆரம்பமே அந்தப் பழைய காட்சிதான், ஒலிநாடா கெட்டுப்போனதால் அதற்கும் குரலைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பிறகு லிஃப்ட் திறக்கும், பொடியன் எதிர்காலத்தில் இறங்குவான். அதற்கு மேல் அவன் முகத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், குரலுக்கு மட்டும் சித்தி வேண்டும்.

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பையனைப் பெற்றவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். வேறு யாராவது அந்த உதட்டை உற்றுப் பார்த்து, அது அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால்? அதற்குள் தானே போய் மேலே ஒரு குரலைப் பூசிவிடலாம் என்று கிளம்பினாள். பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

கூடத்துக்குள் புதுக் கம்பளத்தின் பசை வாசனை. தடித்த கதவு... தொப். அப்புறம் தன் மூச்சைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து புது டைரக்டர் பேசினான். "மேடம், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். புகையை மொத்தமா எடுத்துட்டோம். பையன் முகம் பளிச்சுன்னு இருக்கும் பாருங்க."

இருந்தது. கண் பிதுங்கி... உதடு நீலம் பாய்ந்து... கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள்.

சித்தி வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"க... க... கதவைத் திறங்க... மூ... மூச்சு முட்டுது..."

அது அவள் குரல் இல்லை. பையன்களுக்காக அவள் வைத்திருக்கும் குரலும் இல்லை. கரகரப்பு, திக்கல். தொண்டைக்குள்ளிருந்து கருகிய எண்ணெய் வாசனை... அந்தக் காலத்துப் புகை மெஷினில் வரும் அதே வாசனை. வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளும் அது பேசிக்கொண்டே இருந்தது. காட்சி முடிந்த பிறகுதான் நின்றது.

"மேடம், பின்னிட்டீங்க," என்றான் டைரக்டர். "வசனத்தை மாத்தினீங்களே, அந்தத் திக்கல் இருக்கே, சான்ஸே இல்ல."

"அழிச்சிடுப்பா... உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"ஏன் மேடம்? இப்ப ஆடியன்ஸுக்கு எல்லாம் ரியலா இருக்கணும். கடைசில நீங்க முணுமுணுத்தது மட்டும் கேக்கல, அதை வெட்டிடறோம்."

அப்படியே ஒளிபரப்பானது. ஆஹா ஓஹோ என்று கொண்டாடினார்கள்.

மறுநாள் பகலில் சித்தி வீட்டு வாசல் மணி அடித்தது. சித்தி மட்டும்தான் வீட்டில். கதவைத் திறந்தால், தலை பஞ்சாக நரைத்த ஒரு பெண்மணி, கையில் மடக்கிய குடை. யார் என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பையனின் முகம் அப்படியே அவளிடம் இருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எம்புள்ளைக்குத் திக்குவாய். அதனாலதான் உங்களைப் பேச வெச்சாங்க. நீங்க அவனை நேர்ல பாத்ததே இல்ல. அவன் திக்குவான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

சித்தி தண்ணீர் டம்ளரை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"சரி, அது போகட்டும். அவன் வாய் அசைஞ்சுக்கிட்டே இருக்கு, நடுவுல சத்தத்தை நிறுத்திட்டாங்க. மிச்சம் என்ன சொன்னான்? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

மிச்சம் சித்திக்குத் தெரியும். அன்றைக்குப் பொத்திய கைக்குள் கேட்டது அவளுக்கு மட்டும்தான். அதைப் பெற்றவளிடம் சொல்ல முடியுமா? அம்மா அம்மா என்று கூப்பிட்டான், அவ்வளவுதான்... இப்படி ஒரு பொய்யை முன்பே தயார் பண்ணி வைத்திருந்தாள். நல்ல பொய். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"அ... அம்மா... நீ க... கண்ணாடி வழியா என்னைப் பா... பாத்துக்கிட்டுதானே இருந்த?"

அந்த அம்மா திடுக்கிடவில்லை. சித்தியின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. வாயையே பார்த்தாள்.

"பாத்தேன்டா கண்ணு," என்றாள். "மொதல்ல நடிக்கறேன்னுதான் நெனச்சேன். அப்புறம் புரிஞ்சுது. எழுந்திரிச்சா ஷாட் கெட்டுடும், அடுத்து உனக்குச் சான்ஸே குடுக்க மாட்டாங்கன்னு பயம். என்னமா நடிக்கறான் பாருன்னு எல்லாரும் கை தட்டினாங்க..."

அந்த அம்மா குடையைத் தரையில் வைத்தாள்.

"நானும் தட்டினேன்."

அவன் சித்தியின் வாய் வழியாக இருமினான். சின்னப் பிள்ளை இருமல்... விடாமல்... அறை முழுக்கக் கருகிய எண்ணெய் வாசனை. அந்த அம்மா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். அடுத்த ஜன்னலையும் திறந்தாள். வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் ஓடி ஓடித் திறந்துவிட்டாள்.

இருமல் நிற்கவில்லை.