நல்ல காத்து

வெள்ளை பெயிண்ட் அடிப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, ஐயா. பிரஷ்ஷைத் தோய்த்து ஒரு இழுப்பு இழுத்தால் அழுக்கெல்லாம் போன இடம் தெரியாது. நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று தெரியும். ஆனால் பெயிண்டில் ஆரம்பித்தால்தான் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரும். டீ வாங்கிக் கொடுத்தவரைக் குழப்பக் கூடாது.

கடல் பொங்கி எங்கள் குப்பத்துக் கட்டுமரங்களையெல்லாம் விறகாக்கிவிட்டுப் போன மறுவருஷம், வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்று எனக்கும் என் அக்கா புருஷன் தங்கராசு மாமாவுக்கும் சேர்த்து ஒரு விசைப்படகு கொடுத்தது. கழிமுகத்தில் அதைக் கொண்டுவந்து கட்டிய அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை. சந்தோஷத்திலேயே வயிறு நிரம்பிவிட்டது. அதுவரை உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தவன் நான். பாதமெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கும். இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. படகின் என்ஜின் ரூமில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். சென்னையிலிருந்து அதிகாரி வந்து அதையும் என்ஜின் ரூமையும் பார்த்துச் சரி என்றால்தான் படகு எங்களுக்கு. இல்லையென்றால் அடுத்த குப்பத்துக்குப் போய்விடும். நான் மறுபடி உப்பளத்துக்குப் போகவேண்டியதுதான்.

தலைகால் புரியாமல் வேலை செய்தேன். என்ஜினுக்கு அடியில் தேங்கிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன், குழாய்க்குச் சிவப்பு. சிலிண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால் புது மாப்பிள்ளை கணக்காக நிற்கிறது. பார்த்துப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

மாமாவோ அங்கேயே மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து மீன் குழம்பு கொதிக்கவிடுவார்.

"அடுப்பை அதிகாரி பார்த்தா படகு போயிடும் மாமா."

"அவருக்கும் ரெண்டு துண்டு மீன் வெச்சா சரியாப்பூடும். நீ ஏம்பா சும்மா தொணதொணங்கிற?"

நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது, அதை எழுதிக்கொள்ளுங்கள். சொன்ன பேச்சு கேட்கமாட்டார், அவ்வளவுதான். அடுப்பை நான் கரையில் கொண்டுபோய் வைப்பேன். மறுநாள் அது என்ஜினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். என் வெள்ளைச் சுவரில் மஞ்சள் தெறித்திருக்கும்.

சிலிண்டரைப் பொருத்திய பாண்டிச்சேரி மெக்கானிக் ஜெயசீலன் என்னிடம்தான் எல்லாவற்றையும் விளக்கினார். மாமா அப்போது மீன் விற்கப் போயிருந்தார். "தீ புடிச்சா எல்லாரும் மேல வந்துடணும். ரூம் மூடியைச் சாத்திட்டு, வெளியில இருக்குற இந்தச் சிவப்புப் பிடியை இழுக்கணும். உள்ள ஆள் மாட்டிக்கினா மூச்சடைச்சு செத்துடுவாங்க, பார்த்துக்கோ" என்றார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். சோடாவில் அடைக்கிற அதே காத்துதான் என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எங்கள் ஊரில் எல்லாமே காத்துதான், ஐயா. சைக்கிள் டியூபில் அடிப்பதும் காத்து, சோடாவில் பொங்குவதும் காத்து, ஆஸ்பத்திரியில் மூக்கில் வைப்பதும் காத்து. மாமா வந்து கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன்.

"சிலிண்டர்ல இன்னாப்பா இருக்குது?"

"காத்து மாமா."

"ஆஸ்பத்திரியில எனக்கு வெச்சாங்களே, அந்தக் காத்தா?"

அலையில் சிக்கி, நெஞ்சுக்குள் தண்ணீர் புகுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர் அவர். அன்றிலிருந்து அடைத்த இடத்தில் இருந்தால் மூச்சு முட்டும். என்ஜின் ரூமுக்குள் இறங்கினாலும் மூடியைத் திறந்து வைத்துத்தான் இறங்குவார். நான் தலையை ஆட்டினேன். தலையாட்டியதைப் பொய் என்று யாரும் எழுத முடியாது.

"அப்போ நல்ல காத்துதான். இனிமே பயமில்ல" என்று சிலிண்டரைத் தட்டிக் கொடுத்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பார்த்த எனக்கும் மனசு நிறைந்துபோனது.

அதற்குப் பிறகுதான், பிடியை வெளியில் விட்டால் உப்புக்காத்தில் துருப்பிடிக்குமே என்று தோன்றியது. கம்பியைத் திருப்பி, பிடியை உள்ளே மாற்றிவிட்டேன். நல்ல வேலை செய்துமுடித்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அதிகாரி வரவேண்டிய அன்று காலையில் போனால், அடுப்பு எரிகிறது. அவருக்காகவே வஞ்சிரம் வாங்கி வந்ததாக மாமா பெருமையாகச் சொன்னார். சுவரில் ஒரு முழத்துக்குக் குழம்பு. நான் கத்தவில்லை. அடுப்பை அணைத்துக் கரைக்குக் கொண்டுபோய்விடலாம். மாமாவை எங்கே கொண்டுபோவது என்றுதான் யோசித்தேன்.

அடுப்பைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு வந்து சொன்னேன்: "அந்தக் கறையை மட்டும் தொடைச்சிடு மாமா. உப்புத்தூசி பறக்குது, ஈரச் சுவத்துல ஒட்டிக்கும். மூடியைச் சாத்திடறேன்."

"எனக்கு மூச்சு முட்டுமேப்பா."

"முட்டினா அந்தச் சிவப்புப் பிடியை இழு. காத்து வரும்."

சிரித்துக்கொண்டே இறங்கினார். நான் மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பங்குனி வெயிலில் உப்புக் குவியலெல்லாம் கண்ணைக் கூசவைத்தன. எனக்குத் தெரிந்தவர்கள் அங்கே குனிந்து வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் இனி நான் இல்லை என்று நினைக்க நினைக்க உள்ளுக்குள் கிச்சுக்கிச்சு மூட்டியது. காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே புஸ்ஸென்று பெரிய சத்தம் கேட்டது.

"மச்சான், காத்து வரலடா."

"வருது மாமா. நல்லா இழுத்து வுடு."

மூடி கொஞ்ச நேரம் குதித்தது. ஆட்டுக்குட்டிமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது, சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் அடங்கிவிட்டது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு, முகம் கழுவி, அதிகாரிக்கு இளநீர் வெட்டச் சொல்லப் போனேன். அவர் வந்தார், குனிந்து உள்ளே பார்த்தார். இவ்வளவு சுத்தமான என்ஜின் ரூம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலறிக்கொண்டு கரைக்கு ஓடிவிட்டார்.

மாமா தெரியாமல் பிடியை இழுத்துவிட்டார் என்று ஊரே பேசியது. நானும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அஞ்சம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாகற நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் இல்லாம தவிச்சிருப்பாரேடா" என்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

"அழாதக்கா. நான் இருந்தேனே. அவர் அடங்குற வரைக்கும் மூடி மேலயே உட்கார்ந்துக்கினு இருந்தேன்" என்று ஆறுதல் சொன்னேன்.

அதற்குப் போய் அவள் ஏன் ஸ்டேஷனுக்கு உங்களிடம் ஓடி வந்தாள் என்பதுதான், ஐயா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.